ஸ்வால்பார்டில் தினம் ஒரு தீவு பார்க்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அடுத்த ஆகஸ்டில் பத்து நாள் விடுமுறை இருக்கிறது, 61 வயது அம்மாவையும் அழைத்துக்கொண்டு, நார்வேக்கு வடக்கே வடதுருவக் கடலில் உள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்துக்குப் போக நினைக்கிறீர்கள். அங்குள்ள லாங்யியர்பியன் ஊரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் காலையில் படகேறி ஒரு தீவைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாமா? படகை வாடகைக்கு எடுத்து நீங்களாகவே ஓட்டிப் போகலாமா? அப்படியே ஒரு ராத்திரி வானத்தில் ஆடும் வடதுருவ ஒளியையும் பார்த்துவிட முடியுமா? மூன்று கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கேள்வியாகப் படுகின்றன: ஆராய்ச்சியாளரும் மாலுமியும் அல்லாத ஒருவர், சொந்தக் காசைப் போட்டு வரும் ஒருவர், அந்தத் தீவுக்கூட்டத்தில் உண்மையில் எவ்வளவு பார்க்க முடியும்?

நான் பனியாறுகளைப் பற்றிப் படிக்க நார்வே போனவன். படிப்பு முடிந்து ஏழு கோடைகள் ஸ்வால்பார்டில் சிறு கப்பல்களில் வழிகாட்டியாக வேலை பார்த்தேன். மேற்குக் கரையும் வடக்குக் கரையும் எனக்கு நன்றாகப் பழக்கம். கிழக்குப் பக்கம் சில தடவைதான் போயிருக்கிறேன். குளிர்காலத்துப் பனிமோட்டார் பயணங்களில் எனக்கு அனுபவம் இல்லை, அதனால் கோடையை மட்டும் பேசுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: முடியாது. ஸ்வால்பார்டின் பரப்பு சுமார் 61,000 சதுர கிலோமீட்டர். லாங்யியர்பியன் இருப்பது ஸ்பிட்ஸ்பெர்கன் என்ற பெரிய தீவின் மேற்குப் பக்கம், ஈஸ்ஃபியோர்டு என்ற நீண்ட கடற்கழியின் உள்ளே. அங்கிருந்து நாள் படகில் போகும் இடங்கள் எல்லாமே, அநேகமாக, அதே தீவின் வேறு கரைகள்தான். கைவிடப்பட்ட சோவியத் சுரங்க ஊரான பிரமிடன், ரஷ்யர்கள் இன்னும் வாழும் பாரென்ட்ஸ்பர்க், சில பனியாற்று முகப்புகள் என்று ஒரு பட்டியல் வரும். வேறொரு தீவில் ஒரே நாளில் கால் வைத்துத் திரும்ப வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து ஒரு நல்ல வழி உண்டு. கழியின் வாய்க்கு வெளியே பிரின்ஸ் கார்ல்ஸ் ஃபோர்லாண்ட் என்று ஒல்லியாக நீண்ட ஒரு தீவு இருக்கிறது. அதில் பூலெபிண்டன் என்ற மணல்முனையில் நீண்ட தந்தங்கள் உள்ள கடல்விலங்குகளான வால்ரஸ்கள் கூட்டமாகப் படுத்துக் கிடக்கும். கடல் அமைதியாக இருந்தால் வேகப்படகில் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம். நூர்ஆஸ்ட்லாந்தெட், எட்ஜேயா, பாரென்ட்ஸேயா, வெகு கிழக்கே க்விட்டேயா போன்ற மற்ற தீவுகளெல்லாம் நாள் பயணத்தில் வராது. ஊர்களுக்கு இடையே சாலை என்று ஒன்றே கிடையாது. லாங்யியர்பியனைச் சுற்றி மட்டும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சாலை இருக்கிறது, அது மலையடிவாரத்தில் போய் நின்றுவிடும்.

படகு வாடகைக்கு எடுப்பதைப் பற்றி. சட்டத்தில் அதற்கு அடியோடு தடை கிடையாது. ஆனால் நீங்கள் செய்யக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். ஊரையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் தாண்டிப் போகிறவர்கள் ஸ்வால்பார்டு ஆளுநர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், தேடல் மீட்புச் செலவுக்குக் காப்பீடோ வங்கி உத்தரவாதமோ காட்ட வேண்டும். பனிக்கரடியை விரட்டும் கருவி கையில் இருக்க வேண்டும், துப்பாக்கியும் கொண்டுபோகச் சொல்வார்கள். துப்பாக்கியை வாடகைக்கு எடுக்கத் தனி அனுமதி. இதையெல்லாம் முடித்தாலும் கடல் வரைபடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பனியாறுகள் பின்வாங்கிய இடத்தில் புதிதாகக் கடல் திறந்திருக்கிறது. அங்கே ஆழம் அளக்கப்படவில்லை, வரைபடத்தில் வெறும் வெள்ளையாக இருக்கும். நாற்பது வருடம் அந்தக் கடலில் ஓட்டிய கேப்டன்களே அங்கே ரப்பர் படகை முன்னால் அனுப்பி ஆழம் பார்த்து மெதுவாகத்தான் நுழைவார்கள்.

கரடி விஷயம் பயமுறுத்தச் சொல்வதல்ல. லாங்யியர்பியன் ஊரெல்லையில் கரடி படம் போட்ட ஒரு முக்கோணப் பலகை இருக்கிறது. அதற்குக் கீழே நார்வேஜிய மொழியில் ‘ஸ்வால்பார்டு முழுவதற்கும் பொருந்தும்’ என்று எழுதியிருக்கும். எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், அந்த வாசகம் அப்படியே உண்மை. 2020 ஆகஸ்டில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே உள்ள கூடார முகாமில் ஒருவர் கரடி தாக்கி இறந்தார். ஊருக்குள் நீங்களும் அம்மாவும் தாராளமாக நடக்கலாம். பலகையைத் தாண்டி ஒரு அடிகூட வழிகாட்டி இல்லாமல் வேண்டாம்.

எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஆகஸ்டில் வடக்குக் கரையில் லீஃப்டெஃபியோர்டு என்ற இடத்தில் பதினான்கு பேரைக் கரையிறக்கினோம். இறக்குவதற்கு முன் கப்பலிலிருந்து முக்கால் மணி நேரம் தொலைநோக்கியில் சரிவு முழுக்கப் பார்த்தோம். பிறகு நாங்கள் மூன்று வழிகாட்டிகள் முதலில் இறங்கி மேட்டுக்குப் பின்னாலும் பார்த்தோம். ஒன்றும் இல்லை. அரை மணி நேரத்தில் மூடுபனி இறங்கத் தொடங்கியது. பார்வை குறைந்தால் திரும்ப வேண்டும், அதில் பேச்சே கிடையாது. எல்லோரையும் படகில் ஏற்றிவிட்டோம். ஒரு அம்மையார் மட்டும் இவ்வளவு காசு கொடுத்து வந்தது இதற்கா என்று வருத்தப்பட்டார். கப்பலுக்குத் திரும்பி ஒரு மணி நேரம் கழித்துப் பனி விலகியது. நாங்கள் நின்ற இடத்துக்குச் சுமார் நானூறு மீட்டர் மேலே, மஞ்சளாகக் கிடந்த ஒரு ‘கல்’ எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. அந்தக் கல்லை நானே தொலைநோக்கியில் பார்த்துவிட்டுக் கடந்திருக்கிறேன். பனி இல்லாத பழுப்புச் சரிவில் படுத்திருக்கும் கரடி வெள்ளையாகத் தெரியாது. பழைய வெண்ணெய் நிறத்தில், கல்லோடு கல்லாக இருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு மஞ்சள் கல்லையும் இரண்டு தடவை பார்க்கிறேன்.

சரி, அப்படியானால் தீவுகளை எப்படிப் பார்ப்பது? கப்பலிலேயே தங்குவதுதான் வழி. லாங்யியர்பியனிலிருந்து கிளம்பும் சிறு கப்பல்கள் இருக்கின்றன. பன்னிரண்டு பேர் ஏறும் பாய்மரக் கப்பலிலிருந்து நூற்றைம்பது பேர் ஏறுவது வரை எல்லா அளவிலும் உண்டு. ராத்திரி கப்பல் நகரும், பகலில் ரப்பர் படகில் கரையிறக்குவார்கள். ஸ்பிட்ஸ்பெர்கனை முழுதாகச் சுற்றி வர ஒன்பது பத்து நாள் ஆகும். வடமேற்கு மூலை வரை போய்த் திரும்ப ஆறேழு நாள் போதும். செலவு அதிகம், ஒருவருக்கே சில லட்சங்கள் ஆகும். உங்கள் பத்து நாளில் விமானப் பயணத்தைக் கழித்தால் ஆறேழு நாள் கப்பல்தான் பொருந்தும். அது குறைவு என்று நினைக்க வேண்டாம். என்னைக் கேட்டால் சுற்றிவருவதைவிட இதுவே நல்லது. சுற்றிவரும் கப்பலில் தூரத்தைக் கடப்பதிலேயே பாதி நேரம் போகும். ஒரே ஃபியோர்டில், அதாவது ஒரே கடற்கழியில், ஒரு நாள் முழுக்க நிற்கும் கப்பலில்தான் ஏதாவது கண்ணில் படும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது எது, சொல்ல முடியாதது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரங்களில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. மேற்குக் கரை ஆகஸ்டில் திறந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டி வடக்கே ஏறுகிறது. அதே அட்சரேகையில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரை உறைந்து கிடக்கும்போது இங்கே கப்பல் ஓடுவது இதனால்தான். கிழக்குப் பக்கத்துக்கு வடகிழக்கிலிருந்து குளிர்நீரும் மிதக்கும் கடல்பனியும் வருகின்றன. அதனால் ஹின்லோப்பன் நீரிணை, நூர்ஆஸ்ட்லாந்தெட், க்விட்டேயா பக்கம் எந்த வாரம் வழி திறக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில வருடம் ஜூலையிலேயே தாராளமாகப் போகலாம், சில வருடம் ஆகஸ்ட் நடுவில்கூட காற்று திரும்பி ஒரே ராத்திரியில் பனியைக் கொண்டுவந்து அடைத்துவிடும். பகல் வெப்பநிலை ஐந்து ஆறு டிகிரி இருக்கும், மழை குறைவு, காற்று அதிகம். இதெல்லாம் ஓரளவு நிச்சயம். கரடி பார்ப்பீர்களா? பலர் பார்க்கிறார்கள். ‘கரடி உறுதி’ என்று யாராவது சொன்னால் அவரிடம் பயணச்சீட்டு வாங்காதீர்கள்.

பார்த்தாலும் தூரத்திலிருந்துதான். 2025 ஜனவரி 1 முதல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. மார்ச் முதல் ஜூன் முடியக் கரடியிடமிருந்து 500 மீட்டர், மற்ற மாதங்களில் 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கடலில் இருந்தாலும் இதே கணக்குதான். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போக முடியாது, கரையிறங்குவதும் குறிப்பிட்ட 43 இடங்களில் மட்டும். கிழக்கே கரடிகள் குட்டி போடும் காங் கார்ல்ஸ் லாண்ட் தீவுகளுக்கு 500 மீட்டருக்குள் யாரும் நெருங்கவே கூடாது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு ‘இந்தக் குடாவில் இறங்குவோமா’ என்று கேட்டால் இல்லை என்று பதில் வரலாம். வழிகாட்டிகளில் சிலருக்கே இந்த விதிகள் மேல் மனக்குறை உண்டு. எனக்கு இல்லை. வால்ரஸ்களை அங்கே மூன்று நூற்றாண்டுகள் வேட்டையாடி அடியோடு ஒழிக்கப் பார்த்தார்கள். 1952-இல் பாதுகாப்புக் கொடுத்த பிறகுதான் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. பூலெபிண்டனில் நீங்கள் பார்க்கப்போகும் கூட்டம் அப்படி வந்ததுதான்.

வடமேற்கு மூலைக்குப் போகும் கப்பலைப் பிடித்தால் சிறு தீவுகள் பல கிடைக்கும். டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் 1596 ஜூனில் அந்தப் பக்கம்தான் இந்த நிலத்தைக் கண்டார். கூரிய மலைகள் என்ற பொருளில் ஸ்பிட்ஸ்பெர்கன் என்று பெயர் வைத்ததும் அவர்தான். ஆம்ஸ்டர்டாம் தீவில் 17-ஆம் நூற்றாண்டின் டச்சுத் திமிங்கில வேட்டைக்காரர்கள் கொழுப்பு காய்ச்சிய ஸ்மீரன்பர்க் இருக்கிறது. மணலில் வட்டமாகக் கறுத்துக் கெட்டியாகக் கிடக்கும் மேடுகளைப் பார்ப்பீர்கள். கொதித்து வழிந்த எண்ணெய் மணலோடு சேர்ந்து இறுகிய அடுப்படிகள் அவை. மிதிக்க வேண்டாம். 1946-க்கு முந்தைய மனிதத் தடயம் எல்லாமே அங்கே சட்டப்படி காக்கப்படுகிறது, துருப்பிடித்த ஆணியும் சேர்த்துத்தான்.

பக்கத்து டேனிஷ் தீவிலிருந்துதான் 1897 ஜூலை 11 அன்று ஆந்த்ரே என்ற சுவீடன்காரர் இரண்டு தோழர்களுடன் பலூனில் வடதுருவத்துக்குக் கிளம்பினார். மூன்றே நாளில் பனிமேல் இறங்க வேண்டிவந்தது. பனிமேலேயே இரண்டரை மாதத்துக்கு மேல் இழுபட்டு, கடைசியில் கிழக்கே க்விட்டேயா தீவில் கரையேறி அங்கேயே மூவரும் இறந்தார்கள். 33 வருடம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. 1930-இல் அடுத்தடுத்துப் போன இரண்டு கப்பல்கள் உடல்களையும் நாட்குறிப்பையும் படச்சுருள்களையும் கண்டெடுத்தன. அந்தச் சுருள்களிலிருந்து படங்கள் கிடைத்தன. விழுந்து கிடக்கும் பலூனுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கும் படம் அதில் ஒன்று. க்விட்டேயாவுக்கு நான் ஒரே ஒரு தடவை போனேன், இறங்க முடியவில்லை. ஏறக்குறைய தீவு முழுக்கவே பனிக் கவிகை, ஓரத்தில் கொஞ்சம் சரளைக் கரை. அந்தக் கரையில்தான் அவர்கள் முகாம் போட்டிருந்தார்கள், நான் போன அன்றைக்கு அதில் வால்ரஸ்கள் படுத்திருந்தன.

ஒரு இடத்தை மட்டும் நீங்கள் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும் என்பேன். நி-ஓலெசுண்ட் ஆராய்ச்சி ஊருக்கு எதிரே, அதே காங்ஸ்ஃபியோர்டில், பிளோம்ஸ்ட்ராண்ட்ஹால்வேயா என்று ஒரு நிலம். ‘ஹால்வேயா’ என்றால் தீபகற்பம். பெயர் வைத்தபோது அது தீபகற்பம் என்றே எல்லோரும் நினைத்தார்கள், ஏனென்றால் பின்னால் ஒரு பனியாறு அதைப் பெருநிலத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தது. பனியாறு பின்வாங்கிக்கொண்டே வந்து 1990-களில் நடுவே தண்ணீர் தெரிந்தது. அது தீவு. பெயர் இன்றும் தீபகற்பம்தான். அந்த நீர்வழியில் மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால், சுற்றி மிதக்கும் பனித்துண்டுகளிலிருந்து சடசடவென்று சத்தம் வரும், எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி. பனியாறு உருவானபோது உள்ளே சிக்கிக்கொண்ட காற்று, துண்டு கரையக் கரையக் குமிழ் குமிழாக வெடித்து வெளியே வருகிறது. நான் முதல் தடவை கேட்டபோது படகில் ஏதோ பழுது என்று நினைத்தேன். நூற்றாண்டுகள் அடைபட்டுக் கிடந்த காற்று அது. உங்கள் அம்மாவைக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொல்லிக் கேட்க வையுங்கள்.

இதே மாதிரி இன்னொன்றும் நடக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஸ்பிட்ஸ்பெர்கனின் தென்முனையை மற்ற பகுதியோடு சேர்த்திருப்பது ஒரு பனியாற்றுப் பாலம், ஹார்ன்சுண்ட் ஃபியோர்டின் உள்கோடியில். அதற்கு அடியில் உள்ள பாறை கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதை ரேடார் அளவீடுகள் காட்டியிருக்கின்றன. இப்போது உருகும் வேகத்தில் இந்த நூற்றாண்டுக்குள்ளேயே அங்கே நீரிணை திறந்து, தென்முனை தனித் தீவாகிவிடும் என்பது கணிப்பு. பாறையின் ஆழம் அளந்தது, அதில் சந்தேகமில்லை. எந்த வருடம் என்பதுதான் கணிப்பு, பனியாறுகள் சில சமயம் திடீரென்று முன்னேறவும் செய்யும் என்பதால் தேதி குறிப்பதை நான் நம்புவதில்லை. ஸ்வால்பார்டில் எத்தனை தீவு என்று யாராவது கேட்டால் நான் எண்ணிக்கை சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது இதனால்தான்.

நி-ஓலெசுண்டில் கப்பல் நின்றால் நம் நாட்டின் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையத்தையும் வெளியிலிருந்து பார்க்கலாம், 2008 முதல் அங்கே இருக்கிறது. வாசலில் படம் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே விட மாட்டார்கள். இறங்குவதற்கு முன்பே கைபேசியை விமானப் பயன்முறையில் போடச் சொல்வார்கள், வைஃபையும் புளூடூத்தும் கூடாது. விண்ணிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்கும் தொலைநோக்கிகள் அங்கே இருக்கின்றன.

வடதுருவ ஒளி ஆகஸ்டில் கிடையாது. லாங்யியர்பியனில் ஏப்ரல் 20 வாக்கில் உதித்த சூரியன் ஆகஸ்ட் 22, 23 வரை அஸ்தமிக்காது. அதற்குப் பிறகும் பல நாள் வானம் இருட்டாது. இருட்டாத வானத்தில் ஒளி ஆடினாலும் கண்ணுக்குத் தெரியாது. கப்பல் பருவமும் ஒளிப் பருவமும் சேரவே சேராது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பயணத்தில் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் இரண்டுமே அரைகுறையாகும். ஒளியை இன்னொரு வருடம் நார்வே பெருநிலத்தின் வடக்கே உள்ள ட்ரோம்ஸோவில் பாருங்கள்.

விசாவில் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1920-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நிர்வகிக்கப்படும் ஸ்வால்பார்டுக்குள் நுழைய விசா தேவையில்லை, இது உண்மை. ஆனால் ஆஸ்லோ அல்லது ட்ரோம்ஸோ வழியாகத்தான் போக முடியும், நார்வே பெருநிலத்துக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். ஸ்வால்பார்டு ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் லாங்யியர்பியனுக்கு விமானம் ஏறும்போது நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஒரு முறை மட்டும் நுழையும் விசா வாங்கியிருந்தால் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வீர்கள். இரு முறையோ பல முறையோ நுழையும் விசா கேட்டு விண்ணப்பியுங்கள், கப்பல் பதிவுச் சீட்டையும் கூடவே வையுங்கள்.

கடைசியாக அம்மாவைப் பற்றி. 61 வயது ஒரு தடையே அல்ல, எங்கள் கப்பல்களில் எண்பது வயதுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியது முழங்காலை. ஆடும் கப்பலின் ஏணிப்படியில் இறங்கி, ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ரப்பர் படகுக்குள் கால் வைக்க வேண்டும். படகோட்டி கையை நீட்டுவார், விரல்களைப் பிடிக்காமல் மணிக்கட்டுக்கு மணிக்கட்டு பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் நழுவாது. கரையில் அநேகமாக முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். அதற்கு ரப்பர் பூட்ஸ் கப்பலிலேயே தருகிறார்களா என்று முன்பே கேளுங்கள், இரண்டு கம்பளிக் காலுறை போட்ட பிறகு பொருந்தும் அளவைச் சொல்லுங்கள். இப்போதிருந்தே வீட்டில் ஒரு தாழ்வான ஸ்டூலில் எதையும் பிடிக்காமல் ஏறி இறங்கிப் பழகச் சொல்லுங்கள், காலையில் பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை. ஆகஸ்டுக்குள் அது சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் படகும் வரும்.